கிளவ்பாக்ஸ் இல்லாத ஆய்வகத்தில் பெரோவ்ஸ்கைட் செல்: 14.8 சதவீதம் என்று வரும் எண்ணை நம்பலாமா?

படலம்24 கேட்டது:

வணக்கம். கடலோர மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் பெரோவ்ஸ்கைட் (ஒளியை உறிஞ்சும் ஒரு படிகப் பொருள்) சூரிய மின்கலம் பற்றிய ஆய்வு நடக்கிறது. கிளவ்பாக்ஸ் (காற்றும் ஈரமும் புகாத, கையுறை பொருத்திய மூடிய பெட்டி) கிடையாது. ஸ்ப்ளிட் ஏசி போட்ட அறை, 26 டிகிரி, ஈரப்பதம் 68 முதல் 75 சதவீதம். ஐப்பசி, கார்த்திகையில் அதற்கும் மேலே போகிறது.

செல் அமைப்பு: எஃப்டிஓ கண்ணாடி (மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி), அடர்ந்த டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு), நுண்துளை டைட்டானியா, மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு (இனி மேப்பி என்கிறேன்), ஸ்பைரோ (நேர்மின் துளைகளைக் கடத்தும் கரிமப் பொருள்), தங்கம். கரைசல் 2015-இல் வந்த அடக்ட் முறைப்படி (லெட் அயோடைடோடு கரைப்பான் சேர்ந்து இடைநிலைச் சேர்மம் ஆகும் முறை): லெட் அயோடைடு 461 மி.கி., மெத்தில் அம்மோனியம் அயோடைடு 159 மி.கி., டிஎம்எஸ்ஓ 78 மி.கி., டிஎம்எஃப் 600 மி.கி. (கடைசி இரண்டும் கரைப்பான்கள்). 4000 ஆர்பிஎம்மில் 25 விநாடி சுழற்சி, நடுவில் அரை மில்லி டைஎத்தில் ஈதர். பிறகு 65 டிகிரியில் ஒரு நிமிடம், 100 டிகிரியில் இரண்டு நிமிடம்.

சிக்கல்கள்:

படலம் கண்ணாடிபோலப் பளபளப்பாக வரவில்லை. பால் தெளித்த மாதிரி வெளுத்திருக்கிறது. நுண்ணோக்கியில் வட்ட வட்டமாகத் துளைகள் தெரிகின்றன. எக்ஸ்ஆர்டியில் (படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராயும் சோதனை) 14.1 டிகிரி முகடோடு 12.7 டிகிரியிலும் பெரிய முகடு.

அளவீடு வெள்ளை எல்இடி வரிசையின் கீழ். சிலிக்கான் ஒப்பீட்டு செல்லை வைத்து 'ஒரு சூரியன்' (ச.மீ.க்கு 1000 வாட்) வருமாறு தூரத்தைச் சரிசெய்தோம். மின்னழுத்தத்தை மேலிருந்து கீழே இறக்கினால் 31 மி.ஆ./ச.செ.மீ., 0.92 வோல்ட், ஃபில் ஃபேக்டர் (உச்ச மின்திறனை, அந்த மின்னோட்டம், மின்னழுத்தம் இரண்டின் பெருக்கத்தால் வகுத்த விகிதம்) 0.52, திறன் 14.8 சதவீதம். கீழிருந்து மேலே ஏற்றினால் 30.6, 0.88, 0.33, திறன் 8.9 சதவீதம். தங்கத்தின் பரப்பு 4 மி.மீ. × 4 மி.மீ. மாஸ்க் (ஒளி விழும் பரப்பை வரையறுக்கும் துளையிட்ட தகடு) பயன்படுத்தவில்லை.

ஒரு வாரத்தில் ஓரங்கள் மஞ்சளாகிவிடுகின்றன.

கட்டுரையில் எந்த எண்ணை எழுதுவது? கிளவ்பாக்ஸ் வாங்கியே ஆகவேண்டுமா, அல்லது கையில் இருப்பதை வைத்து ஒழுங்காகச் செய்ய வழி உண்டா?

---

நிறமாலை பதில்:

படலத்தைத் தொடும் முன் அளவீட்டைச் சரிசெய்யுங்கள். இரண்டு எண்ணையுமே இப்போதைக்கு எழுத முடியாது, ஏனென்றால் 31 மி.ஆ. என்பது மேப்பியால் தரவே முடியாத மின்னோட்டம்.

மேப்பி ஒளியை உறிஞ்சுவது ஏறத்தாழ 785 நானோமீட்டர் வரை. தரநிலைச் சூரிய நிறமாலையில் அந்த எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் எலக்ட்ரானாக வெளியே வந்தாலும் சுமார் 26 மி.ஆ./ச.செ.மீ.தான் கிடைக்கும். கண்ணாடியில் பிரதிபலிப்பதும் எஃப்டிஓ விழுங்குவதும் போக, நல்ல செல் 20 முதல் 23 வரை தரும். அதற்கு மேல் யார் எழுதினாலும் விளக்கை அல்லது பரப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

தவறு எங்கே நுழைந்தது என்று உங்கள் பதிவிலேயே இருக்கிறது. சிலிக்கான் 1100 நானோமீட்டர் வரை பார்க்கும். சூரிய ஒளியில் அதற்குக் கிடைக்கக்கூடிய 43 மி.ஆ.வில் 800 நானோமீட்டருக்குள் வருவது ஏறத்தாழ 27 மட்டுமே. மீதி அகச்சிவப்பிலிருந்து வருகிறது. வெள்ளை எல்இடியில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆக, சிலிக்கான் செல் 'ஒரு சூரியன்' என்று காட்டும்வரை விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தால், அகச்சிவப்பின் பங்கையும் சேர்த்துக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே ஈடுகட்டுகிறது. மேப்பிக்குக் கிடைப்பது 43-ஐ 27-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 1.6 சூரியன். உங்கள் 31-ஐ 1.6-ஆல் வகுத்தால் 19.4. இதுதான் இயல்பான எண்.

ஹாலஜன் விளக்கு வைத்திருக்கும் ஆய்வகங்களில் இதே தவறு தலைகீழாக நடக்கும். அதில் அகச்சிவப்பு மிகுதி. சிலிக்கானோ பைரனோமீட்டரோ (சூரிய ஒளியின் மொத்த ஆற்றலை அளக்கும் கருவி) வைத்து 1000 வாட் என்று நிறுத்தினால், பெரோவ்ஸ்கைட்டுக்குப் போதிய ஒளி கிடைக்காது. நல்ல செல்லும் மட்டமாகத் தெரியும்.

சரிசெய்யும் முறை: ஒப்பீட்டுச் சிலிக்கான் செல்லின் மேல் கேஜி5 வடிகட்டிக் கண்ணாடி பதித்ததை வாங்குவது முதல் வழி. அது அகச்சிவப்பை வெட்டிவிடுவதால் சிலிக்கானின் பார்வை பெரோவ்ஸ்கைட்டின் பார்வைக்கு அருகில் வந்துவிடும். வாங்கும்வரை சூரியனையே பயன்படுத்துங்கள். மேகமில்லாத நாளில், காலை 11 முதல் 1 மணிக்குள், மொட்டை மாடியில் பைரனோமீட்டரையும் செல்லையும் ஒரே தளத்தில் சூரியனுக்கு நேராகச் சாய்த்து வைத்து, குறுக்குச்சுற்று மின்னோட்டத்தை மட்டும் அளக்கவும். 900 வாட் காட்டினால் மின்னோட்டத்தை 0.9-ஆல் வகுக்கவும். உடனே கீழே வந்து, அதே செல் அதே மின்னோட்டம் தரும் தூரத்துக்கு எல்இடியை நகர்த்தி, அந்த இடத்தில் ஒரு சாதாரண சிலிக்கான் ஃபோட்டோடயோடு என்ன காட்டுகிறது என்று குறித்துவைக்கவும். இனி அந்த டயோடின் எண்தான் உங்கள் அளவுகோல். மேலே போய் இறங்குவதற்குள் செல் கெட்டுவிடலாம் என்பதால், மூன்று செல்லில் செய்து பாருங்கள். கடற்கரைக் காற்றின் நீராவி 900 நானோமீட்டருக்கு மேலுள்ள ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். அது பைரனோமீட்டரைப் பாதிக்கும், மேப்பியைப் பாதிக்காது. அதனால் சில சதவீதப் பிழை மிஞ்சும், பொறுத்துக்கொள்ளலாம்.

வேறு பல்கலைக்கழகத்தில் ஈக்யூஈ (ஒவ்வொரு அலைநீளத்திலும் எத்தனை ஃபோட்டான் எலக்ட்ரானாக மாறுகிறது என்ற விகிதம்) அளக்க வாய்ப்புக் கிடைத்தால் ஒரு செல்லுக்காவது அளந்து, அதைத் தொகையிட்டு வரும் மின்னோட்டத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் 5 சதவீதத்துக்குள் வேறுபாடு இருந்தால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் நடுவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

மாஸ்க்: மெல்லிய உலோகத் தகட்டில் 3 மி.மீ. × 3 மி.மீ. துளை, இருபுறமும் கறுப்பு வண்ணம். கண்ணாடிப் பக்கம் ஒட்டி வைத்தால் பரப்பு 0.09 ச.செ.மீ. மாஸ்க் இல்லாவிட்டால் தங்கத்துக்கு வெளியே விழும் ஒளியும் கண்ணாடிக்குள் வழுக்கிக்கொண்டு வந்து மின்னோட்டத்தில் சேரும். சிறிய செல்லில் இந்தக் கூடுதல் பெரியது. துளையின் அளவை வெட்டியவர் சொன்னபடி நம்பாமல் நுண்ணோக்கியில் அளந்து எழுதுங்கள்.

ஏற்ற இறக்கத்தில் திறன் மாறுவதற்குக் காரணம், படலத்துக்குள் அயோடைடு வெற்றிடங்கள் (படிகத்தில் அயோடைடு அயனி இல்லாத காலி இடங்கள்) மின்புலத்தில் மெதுவாக இடம் மாறுவது. இறக்கும் திசையில், அதுவும் 1.2 வோல்ட்டில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு இறக்கினால், எண் அழகாக வரும். அது செல் உண்மையில் தரும் மின்சாரம் அல்ல. அதிகபட்சத் திறன் வரும் மின்னழுத்தத்தில் சோர்ஸ்மீட்டரை (மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) நிறுத்தி, 300 விநாடி மின்னோட்டத்தைப் பதிவுசெய்யுங்கள். அங்கே நிலைக்கும் எண்தான் கட்டுரையின் தலைப்பு எண். இரண்டு திசை வரைபடங்களையும், எவ்வளவு மில்லிவோல்ட் படி, எவ்வளவு வேகம் என்பதையும் கூடவே கொடுங்கள். 10, 50, 200 மி.வோ./விநாடி என்று மூன்று வேகத்தில் ஒரு செல்லை அளந்தால் நீங்களே வித்தியாசத்தைப் பார்ப்பீர்கள்.

கடைசியாக, ஒரே ஒரு சிறந்த செல்லை எழுதாதீர்கள். ஒரே தொகுதியில் 15, 20 செல் செய்து அத்தனையின் பரவலையும் காட்டுங்கள். ஈரக்காற்றில் செய்யும் ஆய்வுக்கு அந்தப் பரவல்தான் முதன்மையான தரவு.

---

உலர்பெட்டி பதில்:

படலத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பால் வெண்மைக்கும் வட்டத் துளைக்கும் காரணம் ஒன்றுதான்: ஈதர் ஆவியாகும்போது படலம் குளிர்ந்து, அதன் மேல் பனி கட்டுகிறது.

கணக்கைப் பாருங்கள். 26 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை (காற்றின் நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 20 டிகிரி. படலத்தின் மேற்பரப்பு வெறும் 6 டிகிரி குளிர்ந்தால் போதும், நீர்த்துளி இறங்கிவிடும். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. சுழலும் கண்ணாடியில் அது ஆவியாகும் வேகத்துக்கு 6 டிகிரி ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு துளியும் அந்த இடத்தில் மெத்தில் அம்மோனியம் அயோடைடைக் கரைத்து ஒரு வட்டக் குழியை விட்டுப்போகிறது. உங்கள் நுண்ணோக்கியில் தெரிவது அதுதான்.

'ஈரப்பதம் இத்தனை சதவீதம்' என்று கட்டுரைகளில் படிப்பதை அப்படியே ஒப்பிடாதீர்கள். 20 டிகிரியில் 40 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 7 கிராம் தண்ணீர். உங்கள் அறையில் 17 கிராம். ஏசி போடாத 30 டிகிரி அறையில் அதே 70 சதவீதம் 21 கிராம் ஆகிவிடும். வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

கிளவ்பாக்ஸ் தேவையில்லை. உலர்பெட்டி போதும். அக்ரிலிக்கில் செய்யாதீர்கள். டிஎம்எஃப், குளோரோபென்சீன், எத்தில் அசிடேட் மூன்றும் அக்ரிலிக்கை மங்கவைத்து விரிசல் விடச் செய்யும். மீன்தொட்டி செய்பவரிடம் 90 × 45 × 45 செ.மீ. கண்ணாடிப் பெட்டியைச் சிலிகான் பசையில் ஒட்டித்தரச் சொல்லுங்கள். முன்பக்கம் கையுறை பொருத்த இரண்டு வட்டத் துளை, மேல் மூடிக்கு ரப்பர் விளிம்பு. உள்ளே ஸ்பின் கோட்டர், ஹாட்பிளேட், ஒரு சிறிய பிரஷ்லெஸ் கணினி விசிறி. 180 லிட்டர் காற்றில் இருக்கும் தண்ணீர் வெறும் 3 கிராம். ஆனால் கையுறை வழியும் இடுக்கு வழியும் ஈரம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே 2 கிலோ சிலிக்கா ஜெல்லை அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். விசிறி இல்லாவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் உண்டு. நிறம் மாறியதும் 120 டிகிரி அடுப்பில் மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும். கரைப்பான் ஆவியையும் ஜெல் உறிஞ்சுமென்பதால் அந்த அடுப்பு புகைபோக்கி உள்ள இடத்தில் இருக்கட்டும். எண்ணெய் வடிகட்டி உள்ள கம்ப்ரசர் இருந்தால் அதன் காற்றை ஜெல் நிரப்பிய குழாய் வழியே பெட்டிக்குள் மெதுவாக விட்டுக்கொண்டே இருங்கள். கரைப்பான் ஆவி உள்ளே தேங்காமல் மறுபுறம் வெளியேற ஒரு வழியும் வேண்டும்.

இலக்கு 30 சதவீதத்துக்குக் கீழே. அப்போது பனிநிலை 7 டிகிரிக்கு இறங்கிவிடும். மலிவான டிஜிட்டல் ஈரப்பதமானி 5, 10 சதவீதம் தவறாகக் காட்டும். சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சேறுபோலக் குழைத்து, ஒரு ஜிப் பைக்குள் மானியோடு ஆறு மணி நேரம் மூடிவையுங்கள். உள்ளே 75 சதவீதம் வந்தாக வேண்டும். காட்டும் வித்தியாசத்தை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஈதரை விட்டுவிடுங்கள். 30 டிகிரி அறையில் அது பிப்பெட் முனையிலிருந்து தானாகவே சொட்டும், அதனால் நேரம் கைக்குள் நிற்காது. 160 டிகிரி சுமாரிலேயே தீப்பொறி இல்லாமல் பற்றும். டைட்டானியா சுடும் 450 டிகிரி ஹாட்பிளேட் அதே மேசையில் இருந்தால் அது விபத்துக்கு அழைப்பு. எத்தில் அசிடேட்டுக்கு மாறுங்கள். கொதிநிலை 77 டிகிரி. கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் என்பதால் படலத்திலிருந்து ஈரத்தை இழுத்துவிடும். பிரிட்டனின் ஸ்வான்சீ பல்கலைக்கழகக் குழு அதிக ஈரப்பதத்தில் மேப்பி செய்து காட்டியது இந்தக் கரைப்பானில்தான். இதுவும் எளிதில் தீப்பற்றும் என்பதை மறக்க வேண்டாம்.

அளவு 250 மைக்ரோலிட்டர். நேரம்தான் உயிர். எஃப்டிஓ கண்ணாடியை வீணாக்காமல் சாதாரண நுண்ணோக்கிச் சில்லுகளில் 6, 8, 10, 12, 14-ஆம் விநாடி என்று சொட்டிப் பாருங்கள். சீக்கிரம் சொட்டினால் கரைசல் இன்னும் நீர்த்திருக்கும், நடுவில் படலமே நிற்காது. தாமதித்தால் ஊசி ஊசியாகப் படிகம் அதற்குள் முளைத்துவிடும், படலம் சாம்பல் நிறமாகும். சரியான நேரத்தில் சொட்டியது சுழற்சி நிற்கும்போது தெளிவாக, ஏறத்தாழ நிறமற்று இருக்கும். ஹாட்பிளேட்டில் வைத்த சில விநாடியில் ஒரே சீராகக் கறுக்கும். ஹாட்பிளேட் திரையில் காட்டும் 100-ஐ நம்பாமல் மேற்பரப்பில் தெர்மோகப்பிள் வைத்துப் பாருங்கள். கண்ணாடியின் மேல் 10, 15 டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம்.

12.7 டிகிரி முகடு லெட் அயோடைடு. அது இரண்டு வழியாக வரும். மெத்தில் அம்மோனியம் அயோடைடு ஈரத்தை உறிஞ்சியிருந்தால் 159 மி.கி. எடைபோட்டாலும் உள்ளே உப்பு குறைவு, எனவே ஈயம் மிஞ்சும். இல்லையென்றால் அதிக நேரம் சூடாக்கி மெத்தில் அம்மோனியம் ஆவியாகிவிட்டது. உப்பை 60 டிகிரியில் வெற்றிடத்தில் ஒரு நாள் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சி வைத்த மூடிய கலம்) வைத்து, வெளியே எடுத்தவுடன் எடைபோடுங்கள். சிறிய 12.7 முகடு கெடுதல் அல்ல. 14.1-க்குச் சமமாக நின்றால் மட்டும் கவலைப்படுங்கள். எக்ஸ்ஆர்டியில் 8.6, 10.5 டிகிரியில் ஏதாவது தெரிகிறதா என்றும் பாருங்கள். அது நீர் சேர்ந்த மேப்பி. அந்தக் கட்டத்தில் உலர்த்தினால் மீளும். அதையும் தாண்டி மஞ்சளானால் மீளாது.

டிஎம்எஃப் பாட்டிலை முகர்ந்து பார்க்கச் சொல்லமாட்டேன், ஆனால் திறக்கும்போதே மீன்வாடை அடித்தால் அது உடைந்து டைமெத்தில் அமீன் வந்துவிட்டது என்று பொருள். புதியது வாங்குங்கள். கரைசலை 0.45 மைக்ரான் பிடிஎஃப்ஈ வடிகட்டியில் மட்டும் வடிகட்டுங்கள். பிவிடிஎஃப் வடிகட்டி டிஎம்எஃப்பில் கரைந்துவிடும், படலத்தில் பிளாஸ்டிக்தான் படியும்.

ஸ்பைரோவைப் பற்றி ஒன்று. குளோரோபென்சீன் 1 மில்லியில் 72.3 மி.கி. ஸ்பைரோ, 28.8 மைக்ரோலிட்டர் டெர்ட்பியூட்டைல் பிரிடின், லித்தியம் உப்புக் கரைசல் 17.5 மைக்ரோலிட்டர் என்ற வழக்கமான கலவைதான் என்று நினைக்கிறேன். அந்த லித்தியம் உப்பு ஈரத்தை ஈர்ப்பதில் கடல் உப்பையும் மிஞ்சும். உங்கள் ஓர மஞ்சள் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பூசிய பிறகு இரவு முழுவதும் உலர்காற்று உள்ள டெசிகேட்டரில் வையுங்கள். நைட்ரஜனில் வைத்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் ஸ்பைரோவின் கடத்துதிறன் ஏறாது, ஃபில் ஃபேக்டர் 0.5-ஐத் தாண்டாது.

---

படலம்24:

இருவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாளில் முடிந்ததைச் சொல்கிறேன்.

சூரிய ஒளியில், மாஸ்க்கோடு, 930 வாட்டில் 17.6 மி.ஆ./ச.செ.மீ. வந்தது. 1000-க்கு மாற்றினால் 18.9. எல்இடியைத் தள்ளிவைத்து அளந்தால் இறக்கத்தில் 9.0, ஏற்றத்தில் 5.6, 300 விநாடிக்குப் பின் நிலைத்தது 6.7 சதவீதம். 14.8 போய்விட்டது. இனி 6.7-ஐத்தான் எழுதப்போகிறோம். வழிகாட்டியும் ஒப்புக்கொண்டார்.

மீன்தொட்டி தயார், 28 சதவீதத்தில் நிற்கிறது. எத்தில் அசிடேட்டை 10-ஆம் விநாடியில் விட்டபோது வெண்மை போயிற்று. ஆனால் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வளையம் விழுகிறது. மேலும், தங்கம் ஆவியாக்கும் கருவிக்கு வேறு ஊருக்குப் போகவேண்டியிருக்கிறது. செல் போய்ச் சேருவதற்குள்ளேயே ஒரு நாள் ஆகிவிடுகிறது. வேறு வழி உண்டா?

---

உலர்பெட்டி:

வளையம் பிப்பெட்டால் வருவது. முனை கண்ணாடிக்கு மிக அருகில் இருந்தாலோ கட்டைவிரலால் வேகமாக அமுக்கினாலோ, தாரை விழும் இடத்தில் படலம் அரிக்கப்படும். முனையை 1.5 முதல் 2 செ.மீ. உயரத்தில், சுழல் மையத்துக்கு நேராக, ஒரு தாங்கியில் பொருத்துங்கள். 250 மைக்ரோலிட்டர் ஒரு விநாடிக்குள், தொடர்ந்த தாரையாக, விட்டுவிட்டு இல்லாமல் இறங்க வேண்டும். 1 மில்லி பிப்பெட்டின் அகலமான முனையைப் பயன்படுத்தினால் தாரையின் வேகம் குறையும்.

உலர்காற்றுக் கம்ப்ரசர் கிடைத்துவிட்டால் கரைப்பானையே விட்டுவிட்டு, அதே விநாடியில் உலர்காற்றை 2, 3 செ.மீ. மேலிருந்து ஊதிப் பாருங்கள். கைத்திறனைச் சார்ந்த பிழை பாதியாகும். நேரச் சோதனையை மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

---

கரிப்பூச்சு பதில்:

தங்கக் கருவி இல்லாத, ஈரம் மிகுந்த இடத்துக்கு ஸ்பைரோவும் தங்கமும் பொருந்தாத சேர்க்கை. கார்பன் அடுக்கு முறைக்கு மாறுவதை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன்.

2014-இல் சீனாவின் வூஹானிலிருந்து ஹோங்வெய் ஹான் குழு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட அமைப்பு இது. ஸ்பைரோ போன்ற, நேர்மின் துளைகளைக் கடத்தும் அடுக்கு இல்லை, தங்கம் இல்லை. சான்றளிக்கப்பட்ட திறன் 12.8 சதவீதம். சாதாரணக் காற்றில், முழு ஒளியில் 1000 மணி நேரத்துக்கு மேல் நின்றது. ஸ்பைரோ செல்லின் உச்சத் திறன் இதில் வராது. ஆனால் இன்று தனி பெரோவ்ஸ்கைட் செல் 26 சதவீதத்தைத் தாண்டி, சிலிக்கானோடு அடுக்கியது 2024-இல் 34.6 சதவீதத்தைத் தொட்ட பிறகு, திறனில் இன்னும் அரை சதவீதம் கூட்டுவது நம்மைப் போன்ற ஆய்வகங்களின் வேலை அல்ல. வெப்பத்திலும் ஈரத்திலும் எது நிற்கும் என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. அதற்கான சோதனைக்கூடம் உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது.

செய்முறை: எஃப்டிஓவைத் துத்தநாகத் தூள், 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டு கோடு அரித்துப் பிரிக்கவும். அடர்ந்த டைட்டானியாவை 450 டிகிரியில் தெளிக்கவும், இது உங்களுக்குப் பழக்கமானதே. அதன்மேல் மூன்று அடுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்: நுண்துளை டைட்டானியா சுமார் 0.5 மைக்ரான், 500 டிகிரி. ஜிர்கோனியா 1.5 மைக்ரான் சுமார், இதுவும் 500 டிகிரிக்கு அருகில். கார்பன் 10 மைக்ரானுக்கு மேல், 400 டிகிரியில் அரை மணி நேரம். கார்பனை 400-க்கு மேல் காற்றில் சூடாக்கினால் எரிந்து உதிரும். ஜிர்கோனியா கார்பனையும் டைட்டானியாவையும் தொடவிடாமல் பிரிக்கும் சுவர். அதில் ஒரு துளை விழுந்தாலும் செல் குறுக்குச்சுற்றாகிவிடும். தோல்விகளில் பெரும்பாலானவை இந்த அடுக்கில்தான். எனவே இரண்டு தடவை அச்சிட்டு நடுவில் 100 டிகிரியில் உலர்த்துங்கள்.

திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்குச் சட்டம் கட்டித்தருபவர்களிடமே பாலியெஸ்டர் வலை கிடைக்கும். கார்பனுக்கு செ.மீ.க்கு 43 இழை, டைட்டானியாவுக்கு 130 இழை என்று கேளுங்கள்.

கடைசியில் கரைசல். 5-அமினோவலேரிக் அமில அயோடைடு 3 சதவீதம் கலந்த மேப்பிக் கரைசலைக் கார்பனின் மேல் சொட்டினால், மூன்று அடுக்கையும் ஊடுருவி இறங்கும். மூல முறையில் காமா பியூட்டிரோலாக்டோன் கரைப்பான். அது பல நாடுகளில் கட்டுப்பாட்டுப் பொருள், கிடைப்பது கடினம். காமா வலேரோலாக்டோனில் செய்யலாம், நச்சுத்தன்மையும் குறைவு. பத்து நிமிடம் அப்படியே விட்டு ஊறவைத்து, பிறகு 50 டிகிரியில் ஒரு மணி நேரம். கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். சாம்பல் திட்டு தெரிந்தால் அங்கே கரைசல் இறங்கவில்லை.

இந்த அமைப்புக்கு ஈரம் எதிரி மட்டும் அல்ல. ஊடுருவிய செல்லை 40 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால், துளைகளுக்குள் படிகம் மீண்டும் வளர்ந்து மின்னோட்டம் கூடுகிறது. முதலில் ஒரு நாள் வைத்து, அரை நாளுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

அளக்கும்போது பொறுமை தேவை. அடுக்கு தடிமன், அயனி நகர்வு மிக மெதுவானது. 10 மி.வோ./விநாடிக்கு மேல் வேகம் கூடாது, ஒளியில் மூன்று நிமிடம் வைத்த பிறகே தொடங்குங்கள். திறந்தசுற்று மின்னழுத்தம் 0.85 முதல் 0.9 வோல்ட் வந்தால் சரி.

மூடுவதற்கு: ஓரத்தில் 4 மி.மீ. அகலத்துக்குப் பெரோவ்ஸ்கைட்டும் கார்பனும் சுரண்டி, மூடு கண்ணாடி வெறும் கண்ணாடியோடு ஒட்டும்படி பியூட்டைல் நாடாவால் அடைக்கவும். கார்பனின் மேல் ஒட்டினால் அதன் துளைகள் வழியாகவே ஈரம் நடந்து உள்ளே வரும்.

ஆயுளை எழுதும்போது '30 நாள் நின்றது' என்று மட்டும் எழுதாதீர்கள். 2020-இல் 'நேச்சர் எனர்ஜி'யில் வந்த ஐசோஸ் ஒப்பந்த முறையைப் (செல்லின் ஆயுளைச் சோதிக்க ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட வழிமுறை) பின்பற்றுங்கள். இருட்டில் அறைக்காற்றில் வைத்தது டி-1, ஒளியில் வைத்தது எல்-1, 85 டிகிரி 85 சதவீத ஈரத்தில் வைத்தது டி-3. எத்தனை மணி நேரத்தில் திறன் தொடக்கத்தின் 80 சதவீதத்துக்கு இறங்குகிறது என்பதை மணி நேரத்தில் சொல்லுங்கள். அறைக்காற்று என்றால் அந்த நாட்களின் வெப்பநிலை, ஈரப்பதப் பதிவையும் வரைபடமாகக் கொடுங்கள். ஐப்பசியின் டி-1-உம் சித்திரையின் டி-1-உம் ஒன்றல்ல.

---

நிறமாலை:

ஈயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சேர்க்கிறேன். உங்கள் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் சொட்டினால் அதில் ஈயம் சுமார் 12 மி.கி. இரண்டரை செ.மீ. சதுரக் கண்ணாடியில் 500 நானோமீட்டர் படலமாக நிற்பது 0.4 மி.கி. மட்டுமே. மற்றதெல்லாம் ஸ்பின் கோட்டரின் கிண்ணத்தில் இருக்கிறது. அலுமினியத் தாளைக் கிண்ணத்தில் விரித்து, நாள் முடிவில் மடித்து ஈயக் கழிவு டப்பாவில் போடுங்கள். கிண்ணத்தைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

நைட்ரைல் கையுறை டிஎம்எஃப்பைச் சில நிமிடம்கூடத் தாங்காது, டிஎம்எஸ்ஓ ஈயத்தையும் தோலுக்குள் கூட்டிக்கொண்டு போகும். இரட்டைக் கையுறை போட்டு, தெறித்த உடனே மேலுறையைக் கழற்றிவிடுங்கள். பொடியை எடைபோடுவது ஃப்யூம் ஹூடுக்குள், துடைப்பது ஈரத் தாளால். உலர்ந்த மஞ்சள் தூள் மேசையில் தெரிந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். தோற்றுப்போன செல்களையும் கரைசல் மிச்சத்தையும் தனித்தனியாகப் பெயரெழுதிச் சேர்த்து, கல்லூரி வழியாக அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அதற்கான இடம் உண்டு.

---

படலம்24:

கார்பன் விழுது, ஜிர்கோனியா விழுதுக்கு ஆர்டர் எழுதியாயிற்று. அதுவரை ஸ்பைரோ செல்லில் இருபதை முடித்து, பரவலையும் 300 விநாடி எண்ணையும் இங்கேயே போடுகிறேன். ஜிர்கோனியாவை இரண்டு தடவை அச்சிடும்போது ஒவ்வொன்றும் என்ன தடிமன் வரவேண்டும்?

---

கரிப்பூச்சு:

சுட்ட பிறகு ஒவ்வொன்றும் 0.7 முதல் 0.8 மைக்ரான். புரொஃபைலோமீட்டர் (படலத்தின் தடிமன் அளக்கும் கருவி) இல்லாவிட்டால் ஒரு சில்லில் மட்டும் அச்சிட்டுச் சுட்டு, உடைத்து, எஸ்இஎம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) குறுக்குவெட்டாகப் பாருங்கள். இரண்டாவது அச்சுக்குச் சட்டத்தை 90 டிகிரி திருப்பி வைத்து இழுங்கள். முதல் அச்சில் வலை இழை விட்ட தடத்தின் மேலேயே மறுபடியும் தடம் விழாது.